ஃபைட்டருக்கு ஒரு ஜோடி

படப்பை,
25-11-1991

அன்புள்ள மகன் தமிழ்வாணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தங்கச்சி அமலா, கூடவே நீ வாங்கி வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டியில் புதிதாகக் குடிவந்திருக்கும் எட்டு மீன்கள், எல்லோரும் சௌக்கியம். பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் காதை மூடிக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். தொட்டியில் என்ன மீன் விட்டீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அதைச் சொல்ல ஆரம்பித்தால் நேற்று அமலாவைப் பெண் பார்க்க வந்த கதையில் போய்த்தான் நிற்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நேற்று சிரித்த சிரிப்பில் இன்னும் விலா வலிக்கிறது.

நீ ஊருக்குப் போன பிறகு அந்தத் தொட்டியில் நான் வெங்காயமும் அப்பளக் கட்டும் போட்டு வைத்திருந்தேன், இப்போது சொன்னால் திட்ட மாட்டாய் என்று நினைக்கிறேன். குன்றத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும்தான் கூடம் பார்வையாக இருக்கட்டும் என்று கழுவித் துடைத்தோம். முன்பு வந்த இரண்டு இடமும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிக் கிளம்பியதும், தபால்காரர் மணி அடித்தால் உன் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியதும், ஒரு லெட்டரும் வராததும் உனக்குத் தெரியும். பெண் வேலைக்குப் போகிறாள், பட்பட்டென்று பேசுகிறாள் என்பது அவர்களுக்குக் குறை. தாம்பரம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு தையல் லைனையே நின்று வேலை வாங்குகிறவள் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பாள். இந்தத் தடவை அவள் கறாராகச் சொல்லிவிட்டாள், இதான் கடைசி, இவங்களும் லெட்டர் போடறோம்னு கெளம்புனா இனிமே எவன் எதிர்லயும் தட்டத் தூக்கினு வந்து நிக்க மாட்டேன் என்று. சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும். எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

மீன் விஷயத்தில் உன் அப்பா முதலில் சொன்ன யோசனை, ஏரி ரொம்பி கலங்கல்ல தண்ணி வழிஞ்சி போவுது, துண்டு விரிச்சா கெண்டை கெண்டையா வரும், அத வுட்டுடலாம் என்பது. அது வளர்ந்து மற்றதைத் தின்றுவிடும் என்று அமலா தடுத்துவிட்டாள். அவளுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் இருந்ததால் நானும் அப்பாவும் தாம்பரத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் ஆபிரகாமிடம் போனோம். எனக்குக் குண்டு குண்டாக கோல்ட் ஃபிஷ்தான் பிடித்தது, ஆனால் அது அசுத்தம் அதிகம் பண்ணும், உங்கள் சின்னத் தொட்டி தாங்காது என்றார். ஏஞ்சலைக் காட்டினால் அது குட்டி மீனை விழுங்குமாம், கோடு போட்ட டைகர் பார்பைக் காட்டினால் அது பக்கத்து மீனின் வாலைக் கடிக்குமாம். உன் அப்பா, இன்னாபா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறத வுட இதுல பொருத்தம் ஜாஸ்தியா கீது என்றார். கடைசியில் சாதுவாக ஒத்துப்போகும் என்று கறுப்பு மோலியும் ஆரஞ்சு பிளாட்டியும் எடுத்துக் கொடுத்தார், அழகுக்கு ஃபைட்டர் ஒன்று. ஃபைட்டர் ஒண்ணே ஒண்ணுதாம்மா, இன்னொண்ணப் பாத்தா கிழிச்சிப்பூடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அமலாவும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் நல்ல காரியத்துக்குத் தட்டு வைக்கிறோம், வாழைப்பழம்கூட ஒற்றையாக வைப்பதில்லை, மாப்பிள்ளை வீட்டார் கண்ணெதிரே ஒரு ஜீவன் ஒண்டியாக நீந்தினால் நன்றாகவா இருக்கும். எதிர்வீட்டு கங்கம்மாளுக்கும் ஒன்று வேண்டும் என்று ஆபிரகாமிடம் ஒரு பொய்யைச் சொல்லி இன்னொன்றும் வாங்கிவிட்டேன். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், இரண்டுக்கும் பட்டுப்புடவை முந்தானை மாதிரி வால். சிவப்பு புருஷன், நீலம் பெண்டாட்டி என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டுமே ஆண் என்று எனக்கு எப்படித் தெரியும். சிவப்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அமலா கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நேற்று நல்ல மழை. தெருமுனையில் குடைகள் தெரிந்ததும், அமலா உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சிவப்பையும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். பையன் பெயர் நரசிம்மன், மண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறான், அவன் அம்மா முனியம்மாளும் உறவுக்காரர் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். முதலில் இரண்டு ஃபைட்டரும் செவுளை விரித்து, வாலை விரித்து ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு ஆடின. முனியம்மாள்கூட, இன்னா அழகா வெளாடுது பாருங்க என்றார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமலா காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தாள். சிவப்பின் வாலில் ஒரு துண்டு தனியாக மிதந்துகொண்டிருந்தது. தட்டை அப்படியே உன் அப்பா மடியில் வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விட்டவள் சும்மா இருந்தாளா, மாப்பிள்ளையைப் பார்த்து, இன்னா பாத்துகினு கீறீங்க, அந்த சொம்ப எடுங்க சீக்கிரம் என்று ஒரு அதட்டல் போட்டாள். போயிற்று, இனி லெட்டர்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் சட்டென்று எழுந்தான். குடிக்க வைத்திருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து, தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு, வெள்ளைச் சட்டைக் கையோடு தொட்டிக்குள் விட்டான். அவள் இந்தப் பக்கம் தள்ள, அவன் அந்தப் பக்கம் ஏந்த, சிவப்பு நழுவ, மறுபடி தள்ள, கூடமெல்லாம் தண்ணீர். முனியம்மாள் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த பஜ்ஜி கீழே விழுந்தது. எங்க வூட்ல ஒரு டம்ளர எடுத்து நவுத்தி வெக்க மாட்டான், இங்க பாரு என்றார். சிவப்பைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்ட பிறகுதான் அமலாவுக்குத் தான் யாரை அதட்டினோம் என்று உறைத்தது, விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். நான்தான் ஜோடி சேர்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன், வேறு வழி.

கிளம்பும் நேரம் வந்தது. முனியம்மாள் தொண்டையைச் செருமினார், லெட்டர் பேச்சுத்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் அந்தப் பையன் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான். இத ஒண்டியாதான் வெக்கணும், உங்ககிட்ட வேற தொட்டி இல்ல, நான் எடுத்துகினு போறேன், வாலு வளந்ததும் நானே கொண்டாந்து தரேன் என்றான். உன் அப்பா வெள்ளந்தியாக, சரி தம்பி, பத்திரமா கொண்டாங்க என்று தலையாட்டினார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அமலா குரல், எதுக்குக் கொண்டாரணும், இங்க வந்தா மறுபடியும் கிழிச்சிக்கும், அது அங்கியே இருக்கட்டும் என்று. முனியம்மாள், எனக்கு மீன்ல கொழம்பு வெக்கத்தான் தெரியும், இத யாரும்மா பாத்துக்கறது என்று கேட்டார். அதற்கு உன் தங்கச்சி, தை மாசம் வரைக்கும் நீங்க பாத்துக்குங்க அத்தே, அப்புறம் நான் பாத்துக்கறேன் என்றாள். யாரும் லெட்டர் என்ற வார்த்தையே எடுக்கவில்லை தமிழு, பாட்டிலைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு போனான் அந்தப் பையன்.

தையில் நாள் பார்க்கச் சொல்லியாயிற்று. நீ இப்போதே சூப்பர்வைசரிடம் லீவுக்குச் சொல்லி வை, கடைசி நேரத்தில் போய் நிற்காதே. கேன்டீன் ரொட்டியோடு காலத்தை ஓட்டாமல் வாரத்தில் இரண்டு நாளாவது ரசம் வைத்துச் சோறு தின்னு, தலைக்கு எண்ணெய் வை. நீல ஃபைட்டர் இங்கே நலம். அமலா போன பிறகு அதற்குத் தண்ணீர் மாற்றும்போது அழுவேனோ என்னவோ, இன்றைக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆபிரகாம் சொன்னதும் அமலா திட்டியதும் நினைவிருந்தாலும் அது ஒண்டியாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. மீனுக்குத்தான் ஜோடி கூடாது, உனக்கு அப்படி ஒன்றும் இல்லையே, அடுத்தது நீதான், லீவைக் கூடுதலாகவே கேள்.

நூறு வயது நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பா. கிளியம்மாள்