படகில் ஒட்டிய வேப்பம்பிசின்

அருள்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தரணீதரனுக்கு அப்பா எழுதுவது.

படகுப் பட்டறையில் தூத்துக்குடி வெயில் இந்நேரம் உனக்குப் பழகியிருக்கும். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். படித்துவிட்டுக் கோபப்படு, படிக்காமல் கிழித்துவிடாதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நம் பனியன் கம்பெனியில் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது இன்னும் வரவில்லை. பெரிய செய்தி நம் குளம்தான். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைகள் பந்து விளையாடிய இடத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு கரை தட்டத் தண்ணீர் நிற்கிறது. "கட்டாந்தரையில படகு உடப் போறானாமா" என்று கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேலி செய்தவன் நான். அன்றே நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். இப்போது அந்தக் குளத்துப் பக்கம் போகவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். உன் ஃபைபர் படகை நீ ஷெட்டுக்குள் பத்திரமாகத்தான் வைத்துவிட்டுப் போனாய். துணி ரோல் அடுக்க இடமில்லை என்று நான்தான் அதை வெளியே இழுத்து, வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டேன். இரண்டு வருடப் பிசின் அதன் அடிப்பாகம் முழுக்கச் சொட்டி, கல்லாகக் காய்ந்துவிட்டது.

போன வாரம் துடைக்க உட்கார்ந்தேன். அம்மா உன்னிடம் கேட்டுவிட்டு வந்து, "வெந்நீரும் சோப்பும் போட்டு ஊற வெச்சாப் போதும்னு தம்பி சொல்றானுங்க" என்றாள். கேட்டேனா? முப்பது வருடம் பனியனில் கறை எடுத்தவனுக்கு இவன் என்ன சொல்வது என்ற திமிர். செக்கிங் டேபிளில் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன்னைக் கொண்டுவந்து மருந்தைப் பீய்ச்சினேன். பிசின் அப்படியே இருந்தது, படகின் நீலப் பூச்சுதான் கரைந்து வந்தது. முன்பக்கம் ஒரு முழத்துக்கு மேல்பூச்சு வெளுத்து, தொட்டால் விரல் ஒட்டியது. அம்மா ஓடிவந்து, "ஏனுங்க, அதென்ன பனியனுங்களா?" என்று சத்தம் போட்டாள். கன்னைக் கீழே வைத்துவிட்டேன்.

மீதியை நீ சொன்னபடியே செய்தேன். பனியன் வேஸ்ட் துணியைச் சோப்பு வெந்நீரில் நனைத்துப் போர்த்தி, ஊறியபின் கையாலேயே தேய்த்தேன். நான்கு நாளாயிற்று. இப்போது ஒரு சொட்டுப் பிசின் இல்லை. நீ இதை எவ்வளவு ஆசையாக வாங்கியிருப்பாய் என்று தேய்க்கும்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டேன், அம்மாவிடம் சொல்லாதே.

வெளுத்த இடத்தைப் பார்க்க நேற்று கார் பெயிண்ட் அடிப்பவர் ஒருவர் வந்தார். ஒரே நாளில் புதுசாக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இதைச் சரி செய்யத் தெரிந்தவன் என் மகன், அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே கண்ணு.

முருகன் துணை.

உன் அப்பா,
சுப்பையன்