வரேன்னா என்ன அர்த்தம், அக்கா?

பாட்டு கேட்டாலே வக்கீலாகிவிடும் என் செல்ல அக்காவுக்கு,

நேற்று உன் முதல் வருஷ நினைவு நாள். படையலுக்கு அம்மா வடையும் கருணைக்கிழங்கு வறுவலும் செய்தாள். முழங்கால் வலி, ஆனாலும் என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. "நீ பண்றது அவளுக்குப் பிடிக்காது" என்றாள். நீ போன பிறகும் என் சமையலுக்கு மதிப்பு கூடவில்லை, பார்.

நேற்று நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு நம் பழைய சண்டையை மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாட்டுச் சண்டை.

அந்தப் பாட்டு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஷேர் ஆட்டோவில் ஓடுகிறது. இரும்புலியூரில் நெரிசலில் நிற்கும்போது பக்கத்து பைக்குக்காரன் விசிலடிக்கிறான். 'வரேன்னு நீ சொன்ன வார்த்தை வாசல்லயே நிக்குது.' அந்த ஒரு வரிக்காக நாம் பெருங்களத்தூரில் ரயில் ஏறி குரோம்பேட்டையில் நீ இறங்குகிற வரைக்கும் சண்டை போடுவோம். இயர்போனில் ஒரு பக்கம் உன் காதில், இன்னொரு பக்கம் என் காதில்.

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்டி. வருவான்னுதான் அர்த்தம்" என்பாய்.

"யார் வீட்டுலேர்ந்து கிளம்பினாலும் நாம வரேன்னுதானே சொல்றோம்? கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர்கூட வரேம்மான்னுதான் சொல்லிட்டுப் போறாரு. அவருக்காக வாசல்ல நிக்கறோமா? போறேன்னு சொல்றதைத்தான் நாம மரியாதையா வரேங்கறோம்" என்பேன் நான்.

லேடீஸ் கம்பார்ட்மென்ட்டே திரும்பிப் பார்க்கும். நீ என் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

பாட்டு முடியும் இடத்தில் ஒரு கேட் தாழ்ப்பாள் சத்தம் வரும், ஞாபகமிருக்கிறதா? அவன் திரும்பி வந்து கேட்டைத் திறக்கிறான் என்று நீ. போகும்போது சாத்திவிட்டுப் போகிறான் என்று நான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு கேட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். திறந்தாலும் அதே சத்தம், சாத்தினாலும் அதே சத்தம். "எதுக்குடி கேட்டைப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுறீங்க? ஏரிக்கரை வரைக்கும் கேக்குது" என்று அம்மா கத்தினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் நாம் பாட்டைப் பற்றிச் சண்டை போடவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் பேசியது அவரைப் பற்றி. நீ அவர் என்பாய், நான் அந்த ஆள் என்பேன். உனக்காக இந்தக் கடிதத்தில் அவர் என்றே எழுதுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உன் லேபில் ரத்தப் பரிசோதனை மிஷினைச் சரிபார்க்கத் திருச்சியிலிருந்து வந்தவர். மிஷின் சரியாகிவிட்டது, உனக்குத்தான் பழுது. முதலில் தன் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றார். அப்புறம் அப்பாவின் இதய ஆபரேஷன். அப்புறம் வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் உன்னோடு டீ குடிப்பார், பஸ் வந்ததும் படியில் நின்று "வரேன்" என்பார். பஸ் நிலையமே கிளாம்பாக்கத்துக்கு இடம் மாறிவிட்டது. அவர் சொல் மட்டும் மாறவில்லை.

நம் வீட்டுப் படி ஏறி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச அந்த மனுஷனுக்கு நேரமில்லை. "எப்போன்னு நேராக் கேளேன்க்கா" என்று எத்தனை முறை சொன்னேன். "கேட்டா போயிடுவாருடி" என்றாய் ஒருநாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பயந்து பயந்து காப்பாற்றிக்கொள்வதற்குப் பெயர் காதலா, அக்கா?

கடைசியில் அவர் நம் வீட்டுக்கு வந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள்.

தெருவில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அழுதார், அதை நான் மறைக்க மாட்டேன். கர்ப்பப்பைக் கட்டிக்கு ஒரு சாதாரண ஆபரேஷன், அதில் ஆள் போய்விடுமா என்று அம்மாவையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்புறம் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "வரேன்மா" என்றார்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு சரோஜாக்காதான் முதலில் வாயைத் திறந்தது. "இன்னாப்பா நீ, சாவு வூட்ல வந்துகினு வரேன்னு சொல்ற? சொல்லாம கெளம்பிப் போப்பா!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடிப்போய் உன் அலமாரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லி ஏமாற்றியவருக்கு, சொல்லவே கூடாத இடத்திலும் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

போன வாரம் அம்மாவுக்குப் போன் பண்ணினார். "வருஷத்துக்கு வரேன்மா." அவ்வளவுதான், அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. திரைச்சீலை துவைத்தாள். பாத்ரூம் பல்பை மாற்றச் சொன்னாள். மாப்பிள்ளை வருகிற மாதிரி. பல்பை நான்தான் மாற்றினேன்.

நேற்று உன் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, கூடத்தில் அவருக்கு ஒரு இலை போட்டு வைத்தாள் அம்மா. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. கேட் சத்தம் கேட்டது. அம்மா முழங்கால் வலியை மறந்து எழுந்து ஓடினாள். தண்ணீர் கேன் போடுகிறவர். அதற்கப்புறம் ஒருமுறை கேட் சத்தம். சரோஜாக்கா, கையில் உனக்காக ஒரு முழம் மல்லிகை.

மூன்று மணிக்கு மேல் அம்மா என்னைப் பார்த்து, "இலை காயுது. நீயே உக்காந்து சாப்பிட்டுடு" என்றாள். அவருக்குப் போட்ட இலையில் நான்தான் சாப்பிட்டேன். வறுவல் ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் அவருடைய ஸ்டேட்டஸ் பார்த்தேன். உன் போட்டோ, அந்த மஞ்சள் சுடிதார் போட்டோ. பின்னால் நம் பாட்டு. கீழே 'என்றும் உன் நினைவில்'. அதே பாட்டை இன்ஸ்டாகிராமிலும் போட்டிருந்தார். உண்மையான காதல் என்று ஊரே வந்து எழுதிவிட்டுப் போயிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நம் வீட்டுக்கு வரப் பஸ் கிடைக்காதவருக்கு, பாட்டு மட்டும் உடனே கிடைத்துவிட்டது.

போன் பண்ணினேன். "ஏன் சார் வரல?"

"ஆபீஸ்ல திடீர்னு ஒரு வேலைம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. கண்டிப்பா ஒரு நாள் வரேன்."

"வேணாம் சார். போறேன்னு சொல்லுங்க. எங்கக்காவுக்கு ஒரே ஒரு தடவை, போறேன்னு சொல்லிடுங்க."

மெதுவாக, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சம்பிரதாயம் பார்க்கிறாராம்.

சண்டையில் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டேன், அக்கா. பாட்டுக்கு என் அர்த்தம்தான் சரி. உன் காதில் வந்து கத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் கோபத்தோடு போய் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அம்மா பின்னாலேயே வந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு வருஷமாகவே நம் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. மறந்துவிடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"எதுக்கும்மா? அந்த ஆள் வர மாட்டான்" என்றேன்.

"அவருக்கா நான் தொறந்து வெச்சிருக்கேன்? அவ வரேன்னு சொல்லிட்டுத்தானேடி போனா" என்றாள்.

சொன்னாய். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், மூக்குத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பச்சைத் துணியில் பாதி முகம் தெரிய, "வரேன்டி" என்றாய். "சீக்கிரம் வா, எனக்குப் பசிக்குது" என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

ஒரு வருஷமாக நான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அர்த்தம் சரியென்றால் நீ அன்றைக்கு விடைபெற்றுக்கொண்டாய் என்று ஆகிறது. எனக்குப் பசிக்கிறது என்று தெரிந்தும். ஒன்றும் பேசாமல், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், கரண்ட் ரீடிங்காரர் மாதிரி. உன் மேலும் எனக்குக் கோபம்தான், அக்கா. நன்றாகக் கேட்டுக்கொள், அவர் மேல் இருப்பதைவிட அதிகமாக.

ஆனாலும் இந்தச் சண்டையை நான் பாதியில் விட்டுக்கொடுக்கிறேன். அந்த ஆள் சொன்ன வரேனுக்கு என் அர்த்தம்தான். அதில் ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். நீ சொன்ன வரேனுக்கு மட்டும் உன் அர்த்தம்.

அம்மா இருக்கிற வரைக்கும் நம் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன். அம்மாவுக்குப் பிறகும் போட மாட்டேன். இது சத்தியம்.

வரேன், அக்கா. இதற்கும் உன் அர்த்தம்தான்.

இன்னும் பசியோடு வாசலில் நிற்கும்
உன் தங்கச்சி