மீதிப் பன்னிரண்டு விநாடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று சிலிண்டர் மாற்றினேன். போன தடவை நாற்பத்தொரு நாள் வந்தது. இந்தத் தடவை முப்பத்தெட்டு. குறைந்த மூன்று நாளுக்குக் காரணம் எனக்குத் தெரியும். நாத்தனார் வீட்டிலேயே இருக்கிறாள், மதியமும் அடுப்பு எரிகிறது. இதை அவள் காதில் விழும்படி சொல்லிவிடக் கூடாது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் வேலைக்குப் போய்ப் பதின்மூன்று நாள் ஆகிறது. சாலைக்கு அந்தப் பக்கம்தான் தையற்கூடம். எங்கள் மாடியில் நின்றால் அதன் வாசல் தெரியும். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கால் பலவீனம், கைத்தடி ஊன்றித்தான் நடப்பாள். கடைசியாகப் போன அன்றைக்குப் பாதிச் சாலை கடக்கும்போதே விளக்கு மாறிவிட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் கைத்தடியை மட்டும் தட்டிவிட்டுப் போனது. தடி ஒரு பக்கம் பறக்க, இவள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காயம் பட்டிருந்தால் இதற்குள் ஆறியிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

தையற்கூடத்து முதலாளியம்மா நாத்தனாருக்குப் போன் செய்தார். "காலர் தைக்க உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா? ஆனா மெஷினைச் சும்மா போட்டு வைக்க முடியாது. மே மாசம் முதல் வாரம் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற ஆள் போட்டுருவேன், தப்பா நினைக்காத."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல வீரம் பேசினார். "நான் வண்டியில கொண்டுபோய் விடறேன். இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு."

கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டி அது. காலை ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும்.

"ஆறு மணிக்குப் போயி பூட்டைத் தைக்கவா அண்ணா?" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

காலைப் பிரார்த்தனையில் நேராகவே கேட்டேன்: கடவுளே, அவளுக்குத் தைரியத்தைக் கொடு, இல்லையென்றால் அந்தச் சாலைக்குப் புத்தியைக் கொடு. முதலாவதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்குச் சாலைத் துறை அலுவலகம் இருக்கிறது. கடிதம் எழுதினேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவள் எழுதும் கடிதத்தை யார் படிப்பார்கள்? எண்களைப் படிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு: பதினைந்து விநாடி. என் நாத்தனார் சாலையைக் கடக்க: நாற்பது விநாடி. இவ்வளவுதான் கடிதத்தின் சாரம்.

நாற்பது எப்படி வந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். தினமும் ஒன்பது மணிக்கு அவள் கடக்கும்போது நான் மாடியில் நின்று, அம்மா கற்றுக்கொடுத்த நாலு வரிப் பிரார்த்தனையைச் சொல்வேன். அவள் அந்தப் பக்கம் ஏறும்போது நாலு தடவை முடிந்திருக்கும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்தேன். நாலு பத்து நாற்பது.

மார்ச் 18, புதன்

ஆள் வந்துவிட்டார்! சாலைத் துறைப் பொறியாளர். ஜீப் வரும் என்று வாசலைப் பெருக்கி வைத்திருந்தேன். சைக்கிளில் வந்து இறங்கினார் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றி மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க தெருவுக்குள்ள வர்றதுக்குள்ள ரெண்டு தடவை உயிர் போய் வந்துச்சு அக்கா" என்றார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நாத்தனார் அவருக்கு 'சைக்கிள் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

பச்சை விளக்கை அளந்தார். பதினைந்து. என் கணக்கு சரி. சாலையின் அகலம் பதினெட்டு மீட்டர். நல்ல கால் உள்ள ஆள் நடக்கும் வேகத்தை வைத்துத்தான் அந்தப் பதினைந்தையே போட்டிருக்கிறார்களாம்.

நாத்தனார் சாலைப் பக்கம் வரமாட்டேன் என்றாள். அதனால் எங்கள் சந்திலேயே பதினெட்டு மீட்டர் அளந்து கோடு போட்டு நடக்கச் சொன்னார்.

இருபத்தேழு விநாடி.

இன்னொரு தடவை நடந்தாள். இருபத்தேழு.

"நாற்பதுனு எழுதியிருந்தீங்களே அக்கா?"

பிரார்த்தனையால் அளந்தேன் என்று எப்படிச் சொல்வது? "பார்த்துத்தான் எழுதினேன்" என்றேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார். அந்தக் குறித்துக்கொள்வது இருக்கிறதே—

மார்ச் 19, வியாழன்

எரிவாயு, தண்ணீர், சலவைக் கணக்கு எதிலும் நான் ஒரு புள்ளி தவறியதில்லை. பதிமூணு விநாடி எங்க போச்சு? பொய்யா சொன்னேன் நான்?

மார்ச் 23, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பழக்கதோஷத்தில் மாடிக்குப் போனேன். யாரோ ஒரு பெரியவர், இரண்டு கையிலும் பை, நாத்தனாரைப் போலவே மெதுவாகச் சாலையில் இறங்கினார். என் வாய் தானாகப் பிரார்த்தனையைத் தொடங்கியது. இந்த முறை கையில் என் வீட்டுக்காரருடைய கடிகாரம் இருந்தது. பெரியவர் அந்தப் பக்கம் ஏறியபோது நாலு தடவை முடிந்திருந்தது. கடிகாரத்தில் இருபத்தாறு விநாடி.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் ஒரு தடவைக்குப் பத்து விநாடி. மாடியில் நின்று சொன்னால் ஆறரை. பயத்தில் வார்த்தைகளை விழுங்கியிருக்கிறேன், இத்தனை வருடமாக! கடவுள் காதில் என்ன விழுந்திருக்குமோ.

நாத்தனாரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, நான் தள்ளாடி நடக்கறப்ப நீங்க மேல ஓட்டப் பந்தயமா ஓடுனீங்க?" நெடுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

சைக்கிள் மேடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டேன்.

மார்ச் 26, வியாழன்

பதில் வந்தது. என்னைத் திட்டவில்லை. நடுச்சாலையில் கடப்பவர்கள் நின்றுகொள்ள ஒரு திட்டு, ஓரத்தில் சைக்கிளுக்குத் தனித் தடம், இரண்டையும் சில வாரம் போட்டுப் பார்க்க மேலே அனுமதி கேட்டிருக்கிறாராம். கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடக்கும். நானும் வர வேண்டும்.

நானா? கூட்டத்திலா?

ஏப்ரல் 1, புதன்

கூட்டத்துக்குப் போய் வந்தேன்.

அலுவலகத்தில் நீள மேசை. ஒரு பக்கம் மேலதிகாரியும் சைக்கிள் மேடமும், மறுபக்கம் கடைக்காரர்கள். அதில் மெத்தைக் கடைக்காரர்தான் பெரிய வாய். நடைபாதை முழுக்க அவருடைய மெத்தைகள்தான் அடுக்கியிருக்கும். நடப்பவர்கள் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். சைக்கிள் தடம் வந்தால் அவர் கடை வாசலில் கார் நிறுத்த முடியாது.

என் கடிதத்தின் நகல் அவர் கையில் இருந்தது. "இந்தம்மா நாற்பது விநாடிங்கறாங்க. உங்க ரிப்போர்ட்டு இருபத்தேழுங்குது. எது சார் நிஜம்? அளக்கத் தெரியாதவங்க சொன்னாங்கன்னு ரோட்டை மாத்துவீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

"நாற்பது தப்புங்க. நான் பிரார்த்தனை சொல்லி எண்ணினேன். அவ நடக்கறதைப் பாத்த பயத்துல வேகமாச் சொல்லிட்டேன்."

சிரிப்பு. மேலதிகாரிகூடச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கணக்கு பாதியில் நிற்கிறதே. பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

"இருபத்தேழுதான் சரி. பச்சை பதினஞ்சு. மீதிப் பன்னிரண்டு விநாடி அவ எங்க நிக்கறதுனு சொல்லுங்க. நான் போய் அவகிட்ட சொல்லிடறேன்."

மேலதிகாரி கடைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

மெத்தைக் கடைக்காரர்தான் சமாளித்தார். "வேணும்னா நடுவுல நம்ம மெத்தை ஒண்ணைப் போட்டுடலாம்மா."

"மெத்தை வேணாம் சார்," என்றார் சைக்கிள் மேடம், "மெத்தை அளவுக்கு இடம் போதும்."

இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மேலதிகாரி காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆறு வாரம், சோதனைக்கு.

ஏப்ரல் 13, திங்கள்

சாலையில் வெள்ளைக் கோடு, நடுவில் திட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் கம்பங்கள், ஓரத்தில் பச்சை வண்ணத்தில் சைக்கிள் தடம். திட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் போகும் அகலம் ஏழேழு மீட்டர்தான். நாத்தனார் நடையில் பத்தரை விநாடி. திட்டு வரை ஒரு பச்சை, அங்கிருந்து மறு பச்சை.

இவர் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "உன் திட்டால எனக்கு எட்டு நிமிஷம் லேட்டு! ஊர் பூரா ஹாரன். டிரைவருங்க எல்லாம் எவ பண்ணின வேலைனு கேக்கறானுங்க."

"சொன்னீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

ஏப்ரல் 15, புதன்

காலையில் பார்த்தால் நாலு கம்பம் நசுங்கிக் கிடக்கிறது. ஏதோ லாரி ஏறியிருக்கிறது. நாத்தனார் மாடியிலிருந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணி, அங்கதானே நான் நின்னிருப்பேன்?"

இன்றைக்குப் போகலாம் என்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

என்ன பிளாஸ்டிக்கு! ஒரு மனுஷிய நிக்க வைக்கற எடத்துல பிளாஸ்டிக்கா வெப்பாங்க? போன்லயே கேட்டுட்டேன். சைக்கிள் மேடம், "நீங்க சொல்றது சரிதான் அக்கா" என்றார். அதற்குப் பிறகு என்ன திட்டுவது?

ஏப்ரல் 17, வெள்ளி

கான்கிரீட் கட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் தூக்க நாலு ஆள். பன்னிரண்டு கட்டை, எண்ணினேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று ஒரு விஷயம் நடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கவில்லை.

காலையில் இவர் செருப்பு மாட்டிக்கொண்டு, "வாம்மா, சும்மா ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று தங்கையைக் கூப்பிட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

மாடிக்குப் போய் நின்றேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். இவர் அவளுக்கு முன்னால் போகவில்லை, கையையும் பிடிக்கவில்லை. அவள் வேகத்துக்கு அடி மேல் அடி வைத்துக் கூடவே நடந்தார். திட்டில் ஏறி நின்றார்கள். அடுத்த பச்சைக்குக் காத்திருந்து அந்தப் பக்கம் ஏறினார்கள். அதே மாதிரி திரும்பி வந்தார்கள்.

உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "பச்சை முடியறதுக்கு முன்னாடியே உறுமறானுங்க. நாம இன்னும் கால எடுத்து வெக்கல, அதுக்குள்ள முறுக்கறானுங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானும் அப்படித்தான் முறுக்குவேன்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் இவர் ஒப்புக்கொண்ட முதல் தப்பு. தேதியோடு எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 27, திங்கள்

போனாள். தனியாக. மாலை ஆறு இருபதுக்கு வந்தாள். அவளுடைய மெஷினில் யாரோ ஊசியை மாற்றிப் போட்டிருந்தார்களாம், அதற்கு ஒரே திட்டு. சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடவுளே, நன்றி. நிதானமாகச் சொல்கிறேன்: நன்றி.

மே 6, புதன்

மதியம் ஒரு மணி நேரம் மாடியில் உட்கார்ந்து எண்ணினேன். சைக்கிள் நூற்றுப் பதினேழு. பள்ளிக்கூடப் பெண்கள் ஐந்து பேர் வரிசையாகப் போனார்கள். சக்கர நாற்காலி ஒன்று. இது எல்லாம் முன்பு எங்கே இருந்தது? வீட்டுக்குள்தான் இருந்திருக்கும், வேறெங்கே.

மெத்தைக் கடைக்காரர் தலையணைகளை சைக்கிளில் கட்டி அனுப்புகிறார். என்னைப் பார்த்தால் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

மே 22, வெள்ளி

இன்னும் மூன்று நாளில் சோதனை முடிகிறது. திட்டு நிரந்தரமாக இருக்கும் என்று சைக்கிள் மேடம் சொல்கிறார், உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை.

மாலை ஆறே முக்கால் ஆகியும் நாத்தனார் வரவில்லை. இவர் மாடிக்குப் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏய், இங்க வா! இவ நடுரோட்டுல யாரையோ சட்டையப் பிடிச்சுச் சண்டை போட்டுக்கிட்டிருக்கா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். திட்டின் மேல் நிற்கிறாள். கைத்தடியைக் கட்டையில் சாய்த்து வைத்திருக்கிறாள். எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்பின் பார்த்திராத ஒரு பெண். அந்தப் பெண்ணின் சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்து, மடித்து, திருப்பிக் காட்டுகிறாள். எங்கே தையல் கோணிப்போயிருக்கிறது என்று பாடம் நடக்கிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அவள் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பச்சை வந்தது. பதினைந்து விநாடி இருந்தது, போனது. அவள் பேச்சு முடியவில்லை.

"கூப்பிடட்டுமா?" என்றார் இவர்.

வேண்டாம் என்றேன். அடுத்த பச்சையும் போனது.