ட்றைவர் பக்கத்துச் சத்தம்

வோபர்ன், டொரொன்ரோ
14.06.1987

அன்பு மகள் இராஜேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் நாகேஸ்வரி சின்னம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரர் துணை நிற்கட்டும். நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், பாணோ சோறோ ஏதோ சாப்பிடுகிறேன், சுகமென்று எழுதப் பேனை ஓடவில்லை, ஆனால் உடம்புக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சின்னம்மாவின் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஜூலை 21 இல் கொழும்பில் கனடாக்காரரின் விசா இன்டர்வியூவுக்கு நீ வரமாட்டாய் என்று சொன்னாயாம். அம்மாட வருத்தத்தக் கவனிக்காத ஆளிட்ட நான் போகமாட்டன் என்று நீ சொன்னதைச் சின்னம்மா அப்படியே எழுதியிருந்தா. அதில் உன் பிழை ஒன்றுமில்லை மகள். சித்திரையில் உனக்கு அப்படி எழுதியது நான்தான். எழுதியது பிழை என்று நேற்று மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று முழுவதும் சொல்கிறேன், காரைப் பற்றிய கதைதான் அதிகம் வரும், பொறுமையாக வாசி.

போன வருடம் ஐப்பசியிலிருந்து அம்மா காருக்குள் ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தா. ரோட்டில் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதும், சந்தியில் திருப்பும்போதும் டொக் டொக்கென்று தட்டுகிறதாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன், ட்றைவர் பக்கம் என்றா. கார் பதினொரு வருடப் பழையது, இங்கே குளிர்காலத்தில் ரோட்டுக்குப் போடும் உப்பு இரும்பைத் தின்றுவிடும், ஆகவே இருக்கும் என்று, இங்கே ட்றைவர் இருக்கிற இடது பக்கத்துச் சில்லைக் கழற்றிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. என்றாலும் அம்மா விடாமல் சொன்னதால் அந்தப் பக்கத்துச் சில்லைப் பிடித்திருக்கும் போல் ஜொயின்ட்டைப் புதிதாக வாங்கி மாற்றினேன். மாற்றிய பிறகும் அதே ட்றைவர் பக்கம் தட்டுது என்றா. பக்டரியில் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று எனக்கு வலது காது மந்தம், இடது காதால் கேட்டால் ஒரு சத்தமுமில்லை. டெக்னிக்கல் கொலிஜ்ஜில் படித்து பஸ் டிப்போவில் ஏழு வருடம் வேலை செய்தவனுக்கு இவ சொல்லித் தருகிறாவா என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது. ஒரு நாள் சிரித்துக்கொண்டு, சத்தம் காரில இல்ல ராசமணி, உன்ட காதுக்குள்ளதான் என்று சொன்னேன். பிறகு பங்குனியில் அந்தக் காலை அம்மா குசினியில் விழுந்தா, ஆஸ்பத்திரியில் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள், இரண்டு நாள்தான். முன்கூட்டியே ஒரு அடையாளமும் காட்டியிராது என்று டொக்டர் சொன்னார், நான் நம்பவில்லை. நான் சொன்ன பகிடி என் தலைக்குள் நின்று சுற்றியது. எனக்குக் கேட்காத சத்தம் அவவுக்கு மட்டும் கேட்டதென்றால் அது வருத்தத்தின் சத்தம்தான், அவ சொல்லச் சொல்ல நான் டொக்டரிடம் கூட்டிப்போகாமல் காருக்குக் கீழே படுத்துக் கிடந்திருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். அதைத்தான் உனக்கு எழுதினேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எழுதுகிற விஷயமா என்று அப்போது யோசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

சின்னம்மாவின் கடிதத்தை வாசித்ததும் காரை விற்றுவிடுவோம் என்று நினைத்தேன். நீ வராவிட்டால் எனக்குக் கார் எதற்கு, வேலைக்கு பஸ் இருக்கிறது, மூன்று மாதமாக அதில்தான் போகிறேன். ஆனால் இங்கே காரை விற்பதென்றால் நல்ல நிலையில் இருக்கிறது என்று சேஃப்டி சான்றிதழ் எடுக்க வேணும், அதற்கு முன்பக்கம் முழுவதையும் நானே பார்த்துச் சரிசெய்யலாம் என்று நேற்று அஜின்கோர்ட்டில் அல்பேட் அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் பில்டிங்கில் கார் திருத்த விடமாட்டார்கள். அல்பேட் அண்ணை மட்டக்களப்பில் லொறி ஓடியவர், அம்மாவின் செத்த வீட்டுக்கு எல்லா ஒழுங்கும் செய்தது அவரும் அவருடைய மனுசி வேரோனிக்கா அக்காவும்தான். விற்கப்போகிற கார் என்றபடியால்தான் இந்த முறை இரண்டு பக்கமும் தூக்கினேன். இடது பக்கம் நான் மாற்றியது அப்படியே இறுக்கமாக இருந்தது. வலது பக்கம் சில்லைத் தாங்கும் இரும்புக் கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, சில்லின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்து ஆட்டினேன். டொக் என்றது. மறுபடி ஆட்டினேன், டொக். இந்த போல் ஜொயின்ட் என்பது எங்கள் தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் இருப்பது போல ஒரு குண்டும் குழியும், குழி தேய்ந்து குண்டு உள்ளே கிடந்து துள்ளுகிறது. அல்பேட் அண்ணை ரோட்டோரத்தில் நின்றவர், அங்கேயே அவருக்குக் கேட்டுவிட்டது. என்ன தம்பி, டிப்போவில உங்களுக்கு ஒரு சில்லுப் பாக்க மட்டுமோ பழக்கின, மற்றச் சில்லு சும்மா அழகுக்கோ என்று கேட்டார். நான் விளக்கம் சொன்னேன், ராசமணி ட்றைவர் பக்கம் என்றுதான் அண்ணை சொன்னவ, அதால இடது பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று.

அப்போது தேத்தண்ணி கொண்டுவந்த வேரோனிக்கா அக்கா அப்படியே நின்றுவிட்டா. தம்பி, ட்றைவர் பக்கம் எண்டா எங்களுக்கு வலப்பக்கந்தானே என்றா. நாங்க பொறந்த நாளிலயிருந்து ட்றைவர் வலப்பக்கந்தான் இருந்தவர், இஞ்ச வந்து ஆறு வருசம், இவரிட்ட வலது கதவத் திறக்கிறதுக்கு ட்றைவர் பக்கத்தத் திறங்க எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுற, இந்த மனுசனும் ஒண்டும் பேசாம வலது கதவத்தான் திறக்குறார், ராசமணிட தகப்பன் ஹயரிங் கார் ஓடினவர், அவள் சின்னனில அதுக்குள்ளதானே கிடந்தவள், அவளுக்கு வேற என்ன வரும் என்றா. நான் தேத்தண்ணியை வாங்கி நிலத்தில் வைத்தேன். தம்பிமுத்து அம்மப்பாவின் காரை நினைத்துப் பார்த்தேன். அவர் வலது பக்கத்தில் ஸ்டேரிங் பிடித்துக்கொண்டு இருப்பார். அம்மா ஒவ்வொரு தரமும் சரியான பக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறா. அந்தச் சத்தம் அவ இருந்த சீட்டுக்கு முன்னால், அவவின் காலுக்குக் கிட்ட இருந்து வந்திருக்கிறது. டிப்போவில் இரண்டு பக்கமும் பார்க்காமல் வண்டியை இறக்கக்கூடாது என்று மற்றவர்களை ஏசியிருக்கிறேன், என் வீட்டுக் காருக்கு அதைச் செய்யவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் குண்டு குழியை விட்டுக் கழன்று சில்லு மடிந்திருக்கும், நான் அவவை அதில் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஓடியிருக்கிறேன். அல்பேட் அண்ணை, மிச்சத்த நாளைக்குச் செய்வம் தம்பி, எழும்பு என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்போதே பாட்ஸ் கடைக்கு அவரோடு போய், ட்றைவர் பக்கம் என்று வாயெடுக்காமல் வலது பக்கம் என்று கையைக் காட்டி வாங்கி வந்தேன். துருவேறிப் பிடித்த பழையதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றவே இரண்டு மணித்தியாலம் போனது. அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டே அடித்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. அம்மா போன பிறகு நேற்றுத்தான் எனக்குப் பசித்தது, வேரோனிக்கா அக்காவின் பிட்டை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பூட்டி முடித்து ஓடிப் பார்க்கும்போது என் காதை நம்பாமல் அக்காவையே வலது சீட்டில் இருத்திக்கொண்டு மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டினேன். ஒண்டும் கேக்கல்ல தம்பி, நீ மூச்சு விடுற சத்தந்தான் பெரிசாக் கேக்குது, ரோட்டப் பாத்து ஓட்டு என்று ஏசினா.

ஆகவே மகள், அம்மாவுக்குக் கேட்டது வருத்தத்தின் சத்தமில்லை, இரும்பின் சத்தம். டொக்டர் சொன்னது சரி, எனக்கோ உனக்கோ யாருக்கும் தெரிந்திராது. இதை நீ அறிய வேணும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். ஆனால் இதை எழுதி நான் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. காதுக்குள்ளதான் சத்தம் என்று நான் சிரித்த பிறகு அம்மா அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மார்கழி, தை முழுவதும் பள்ளம் வரும்போது கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வா, நான் கண்டேன், பனிக்குப் பயப்படுகிறா என்று நினைத்தேன். என்ன என்று ஒரு சொல் கேட்கவில்லை. கையை நீட்டி எந்தப் பக்கமென்று காட்டு ராசமணி என்று ஒரு தரம் கேட்டிருந்தால் ஐப்பசியிலேயே முடிந்திருக்கும். கவனிக்காத ஆள் என்று நீ சொன்னதில் அந்தப் பங்கு உண்மை. அதற்கு நீ கோபிக்கலாம், நான் மறுக்கமாட்டேன்.

காரை விற்கவில்லை. அதற்காக நீ வந்தேயாக வேணும் என்று நினைக்காதே. வர விருப்பமில்லை என்றால் சின்னம்மாவைக் கொண்டு எழுதுவிக்காமல் நீயே உன் கையெழுத்தில் இரண்டு வரி எழுது, நான் தாங்குவேன். வருவதென்றால் என்னை மன்னித்துவிட்டுத்தான் வர வேணும் என்றில்லை. கோபத்தோடேயே வா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீ என்னோடு கதைக்காமல் இருந்தாலும் எனக்குக் காணும், என்றைக்காவது ஏசத் தோன்றினால் ஏச ஆள் பக்கத்தில் இருக்கும். இருபத்தோராம் திகதிக்குப் போவதென்றால் பிறப்புப் பத்திரத்தின் மூலப்பிரதியும் நான்கு படமும் கொண்டுபோக வேணும், கொப்பியை எடுக்கமாட்டார்கள். முதல் நாளே கொழும்புக்குப் போய் நில்லுங்கள், றெயிலை நம்ப வேண்டாம்.

சின்னம்மாவுக்கு என் அன்பைச் சொல். கடவுள் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னில் பாசமுள்ள அப்பா,
த. பாக்கியராசா