கைத்துணியை மடிக்காதவள்

லண்டன், பிப்ரவரி 3, 1874

இன்றும் நான்கு கடிதங்கள் வந்தன. துக்கம் விசாரித்தவர்களுக்கு விதவையே தன் கைப்பட, கறுப்பு ஓரம் போட்ட தாளில் பதில் எழுதவேண்டும் என்பது இவர்கள் வழக்கம். கப்பல் படியில் விழுந்தேன் என்று மூன்று மாதமாக வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு திரிகிறேன். நான் சொல்லச் சொல்ல டோர்காஸ்தான் எழுதுகிறாள். ஒரு வேலைக்காரி சொல்ல, இன்னொரு வேலைக்காரி எழுதுகிறாள். இது அவளுக்குத் தெரியாது.

"எங்க ஊர்ல குதிரைக்குச் சுளுக்கினாகூட பத்து நாள்ல சரியாயிடும், மேடம்" என்றாள்.

"நான் குதிரை இல்லையே, டோர்காஸ்."

அவள் கண் என் மணிக்கட்டுத் துணியிலேயே இருந்தது.

இந்தக் குறிப்பேட்டை வைத்திருப்பது கழுத்துக்குக் கயிறு. தெரியும். ஆனாலும் நாள் முழுக்க இன்னொருத்தியாக இருந்துவிட்டு, பத்து வரியாவது ஹெஸ்டர் பாக்காக எழுதாவிட்டால் மூச்சு முட்டுகிறது. அலமாரியில் பிரசங்கப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். வேலைக்காரிகள் அவற்றின் முதுகை மட்டும்தான் துடைப்பார்கள். வேறு வீடுகளில் பதினொரு வருடம் நானும் அப்படித்தான் துடைத்தேன்.

பிப்ரவரி 6

காலை உணவின்போது லேடி ரென்ஷா மறுபடி அந்தக் கடிதத்தைப் படித்தார். மகன் லயனலின் கடைசிக் கடிதம்.

கேப் டவுனிலிருந்து வந்த கப்பலில், காய்ச்சலில் கிடந்தான். மருத்துவ அறையில் வேலை செய்தவள் நான். அவனுக்குப் பேனா பிடிக்க முடியவில்லை, நான் எழுதிக்கொடுத்தேன். 'அம்மா, உங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டேன். என் டாபிதா அடுத்த கப்பலில் வருவாள். அவளை மகளாக ஏற்றுக்கொள்ளுங்கள். இதை எழுதித் தருபவள் ஹெஸ்டர் பாக் என்னும் பணிப்பெண், மிகவும் நல்லவள்.'

மறுநாள் இறந்துபோனான். அவன் பெட்டியைப் பூட்டும்போது என் புத்தி வேலை செய்தது. டாபிதா கேப் டவுனில் ஒரு சாராயக்கடைக்காரரின் மகள் என்று அவன் சொல்லியிருந்தான். கப்பல் கட்டணத்துக்கு அவள் எங்கே போவாள்? வரமாட்டாள். இந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்ததும் இல்லை. கறுப்பு உடை வாங்கினேன், ஓர் அதிகாரியின் மகள் என்றும், துறைமுகத்தில் கடிதத்தைத் தந்தார்கள் என்றும் சொல்லிக்கொண்டு வந்து கதவைத் தட்டினேன். முக்காடு போட்ட விதவையை யாரும் குடைந்து கேள்வி கேட்பதில்லை.

லேடி கடிதத்தை மடித்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். "அந்த ஹெஸ்டரை ஒரு தடவை பாத்து நன்றி சொல்லணும், கண்ணு. எங்க இருக்காளோ."



பிப்ரவரி 9

பன்னிரண்டு பேருக்கு விருந்து. கைத்துணியை மடிக்கவில்லை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் பார்த்து நானே சிரித்தேன். ஒரு பெரிய சாதனை! ஆனால் சாதனைதான். இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை வாய் துடைத்த கைத்துணி சலவைக்குப் போகும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் அதைக் கசங்கலாக அப்படியே போட்டுவிட்டு எழவேண்டும். மடித்து வைத்தால், அதே துணியை நாளைக்கும் வைத்துத் துடைக்கிற வீட்டுப் பெண் என்று அர்த்தம். என் விரல்களோ, துணியைக் கண்டால் தாமாக நான்காக மடிக்கும். முதல் மாதம் முழுக்க அவற்றை மடியில் பூட்டி வைத்திருந்தேன்.

பிப்ரவரி 20

வந்துவிட்டாள்.

மதியம் முன்வாசலில் சத்தம். சாயம் போன பச்சை உடை, ஈரமான பூட்ஸ். "அத்தை, நான் லயனலோட பொண்டாட்டி" என்றாள் லேடியிடம். ஏழு வாரம் ஒரு கப்பலில் உருளைக்கிழங்கு உரித்துப் பயணக் கட்டணத்தைக் கழித்தாளாம். கல்யாணச் சான்றிதழும் இருக்கிறது.

லேடியின் அண்ணன் கர்னல் ஹாலிடே அதைத் தொடக்கூட இல்லை. "காகிதத்தை எவன் வேணும்னாலும் அச்சடிப்பான். நாளைக்கு மேசைல உக்கார வை, ஆக்டேவியா. வளர்ப்பை ஒளிக்க முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. "நீ யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் முக்காட்டை இறக்கிவிட்டேன். என்ன செய்வேன்? என்னடி செய்வே, ஹெஸ்டர்?

பிப்ரவரி 21

மீனுக்குத் தவறான முள்கரண்டியை எடுத்தாள். சூப் ஊற்றிய வேலைக்காரனுக்கு, "நன்றி, அண்ணே" என்றாள். பார்க்காமல் இருக்க முயன்றேன். எல்லாம் முடிந்ததும் கைத்துணியைத் தடவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நான்காக மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். எத்தனை அழகான மடிப்பு!

என்னுடையது கசங்கிக் கிடந்தது, சீமாட்டியின் துணி மாதிரி.

"தெரிஞ்சுதா?" என்றார் கர்னல். "இவளையா லயனல் கட்டியிருப்பான்?"

"துணி கசங்கக் கூடாதேன்னு மடிச்சேன்" என்றாள் அவள்.

பிப்ரவரி 23

ஆள்மாறாட்டம் என்று அவளைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது. மார்ச் 2, திங்கட்கிழமை விசாரணை. சிறை நிச்சயம் என்கிறார் கர்னல், தட்டில் கறியை வெட்டியபடி.

பிப்ரவரி 24

சொல்லிவிட்டேன். காலை உணவில், எல்லார் முன்னும்.

"அவள்தான் டாபிதா. நான் ஹெஸ்டர் பாக், கப்பல் பணிப்பெண்." சொல்லிவிட்டு என் கைத்துணியை எடுத்து நான்காக மடித்து மேசைமேல் வைத்தேன்.

லேடி அழுதார். ஆனால் என் மேல் கோபத்தில் இல்லை! "பாருங்கண்ணா, முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தன்னையே பலி குடுக்கறா. துணியைக்கூட அவளை மாதிரியே மடிக்கறா, பாவம்."

"பேரைக் கடுதாசியிலேருந்து எடுத்துக்கிட்டிருக்கா" என்றார் கர்னல். "துக்கம் மூளைக்கு ஏறிடுச்சு. டாக்டரைக் கூப்பிடு."

கசப்பு மருந்து குடித்தேன். படுக்க வைத்தார்கள்.

பிப்ரவரி 27

எழுத வெட்கமாக இருக்கிறது. அவர்கள் நம்பவில்லை என்றதும் எனக்குள் வந்தது நிம்மதி. நான் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் குற்றம் என்று தலையணையில் முகம் புதைத்துத் தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன்.

ஆனால் சொன்ன நேரத்தில் என் வலது கை எங்கே இருந்தது? மேசைக்கடியில், கட்டோடு. துணியை இடது கையால்தான் மடித்தேன். லயனலின் கடிதம் லேடியின் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு பேனாவைக் கேட்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயால் மட்டும் சொன்னேன். தப்பிக்க வழி வைத்துக்கொண்டு சொல்வது உண்மையாகுமா? மூணு மாசம் அவ சாப்பாட்டைச் சாப்பிட்டேன், அவ பேரைப் போட்டுக்கிட்டேன், இப்ப அவ ஜெயிலுக்குப் போறா. ச்சீ.

மார்ச் 1, ஞாயிறு

லேடி ரென்ஷா அவர்களுக்கு,

நீங்கள் தேவாலயம் போயிருக்கிறீர்கள். மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டேன். அங்கே காயம் எதுவும் இல்லை. இந்தக் குறிப்பேட்டை உங்கள் மேசைமேல், உங்கள் மகனின் கடிதத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கையெழுத்து ஒன்றுதான்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. எட்டரைக்கே வண்டியைப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். போகும்போது அவளுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள், அந்தப் பச்சை உடை குளிர் தாங்காது.

ஹெஸ்டரைப் பார்க்கவேண்டும் என்றீர்கள். கீழே, வேலைக்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.