புகார் என்ற இடத்தில் எழுதியது

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்தே தூறல். துணி காயவில்லை. எங்கள் தையல் கூட்டுறவு சங்கத்துக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் கேட்ட நிலைத்தன்மை அறிக்கை இந்த வாரமே போக வேண்டும். செயலாளர் நான்தான், எழுதுவதும் நான்தான். கரண்ட், தண்ணீர், வேஸ்ட் துணி எழுதி முடிந்தது. மிச்சம்: பெண்கள் பாதுகாப்பு, புகார்.

தலைவி சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார். "புகார் ஒண்ணுமில்லைன்னு போட்டுடு கண்ணு. நம்ம சங்கம், நம்ம பொண்ணுங்க. யாரு மேல யாரு சொல்றது?"

ஆனால் பையர் அனுப்பிய ஆடிட்டர் பெண் சொன்னது: ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கணும், பெயர் எழுதக் கூடாது.

நவ. 5, புதன்
டிபன் ரூமில் ஒவ்வொருவராக. ஃபேன் ஓடவில்லை. பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடுகிறது. இப்படியே சின்னச் சின்னக் குறைகள். கடைசியில் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஓவர்லாக் மெஷின். உட்காரவில்லை.

"என் ஸ்டாப்புதான் கடேசிக்கா. எல்லாரும் எறங்குன பொறவு வேனை ஓரங்கட்டுதான். கையப் பிடிக்கான். எறங்க விடமாட்டேங்கான். பேரு போட்டுராதீங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ."

சங்கத்து வேன் டிரைவர் கதிர். சரோஜா அக்காவின் கூடப்பிறந்த தம்பி. நானும் அதே வேனில்தான், அவளுக்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன்.

சாயங்காலம் அவளை பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

நவ. 6, வியாழன்
கேட்டில் கதிர், வேன் கண்ணாடியைத் துடைத்தபடி. "நேத்து ரெண்டு பேரும் வேன்ல வரலீங்களே. ஏதோ ரிப்போர்ட் எழுதறீங்களாமா? பாத்து எழுதுங்கக்கா. ஊட்ல பொம்பளப் புள்ள இருக்குதில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மகளிடம் இன்று டியூஷன் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். மழை என்றேன். வெளியே நல்ல வெயில்.

ராத்திரி விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர்: "நமக்கெதுக்கு வம்பு?"

'புகார்: இல்லை' என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.

நவ. 7, வெள்ளி
பொதுக்குழு. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அறிக்கை போகும், சங்கத்தில் அப்படித்தான். தண்ணீர், கரண்ட் வாசிக்கும்வரை தலையாட்டினார்கள். ஒரு மூலையில் கொட்டாவி.

"புகார்: ஒன்று. வேனில்." வாசித்துவிட்டேன்.

"யாரு சொன்னது?" என்றார் அக்கா.

"சொல்ல மாட்டேனுங்கக்கா."

"என்ற தம்பியச் சொல்றியா?"

இசக்கி தரையைப் பார்த்தபடி. அப்போது துணி செக்கிங் செய்யும் பாப்பாத்தி எழுந்தாள். "ஒண்ணுன்னு எழுதாதீங்க. ரெண்டுன்னு எழுதுங்க."

பின்னாலிருந்து யாரோ: "மூணுங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரோஜா அக்கா எழுந்தார். "மூணுன்னு எழுது. அவன்கிட்ட வேன் சாவிய வாங்கிட்டு வாங்க. ரிப்போர்ட்டுக்குக் கை தூக்குங்க." எல்லாக் கையும் உயர்ந்தது. அக்காவுடையது கடைசியாக.

நவ. 8, சனி
அறிக்கை போய்விட்டது. ஆர்டர் வருமோ என்னவோ.

சாயங்காலம் நானும் இசக்கியும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். எதிர் பேக்கரியில் கதிர். பைக்கில் சாய்ந்தபடி எங்களையே பார்த்தான். "திரும்பிப் பாக்காதீங்கக்கா" என்றாள் இசக்கி. ஒட்டிக்கொண்டே நடந்தோம். பஸ் கிளம்பியதும் பைக்கும் கிளம்பியது.

சரோஜா அக்காவும் ஏறியிருந்தார். இதுவரை பஸ்ஸில் பார்த்ததேயில்லை. இசக்கிக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

பைக் இசக்கியின் கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தது. முதலில் இறங்கியது அக்காதான்.