அலாரிப்போடு நின்ற கேசட்

சுகர் லேண்ட்,
ஜூன் 1998

நம் மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் பேஸ்பால் ஆடிய காலமெல்லாம் டீம் பஸ்ஸிலேயே போயிற்று. பேட்டிங் கோச் ஆகிவிட்டால் வீட்டோடு இருப்பேன் என்றீர்கள். அவள் அரங்கேற்றத்துக்குக்கூட வரவில்லை. வீடியோவிலாவது பாருங்கள் என்று இருந்த ஒரே கேசட்டை அனுப்பினேன்.

நேற்று அது திரும்பி வந்தது. முதல் உருப்படியான அலாரிப்பு முடிவதற்குள் படம் மாறிவிட்டது. உங்கள் டீம் பையன் ஒருவன் மட்டையைச் சுழற்றுகிறான். அவள் நடனத்தின் மேலேயே அவனைப் பதிவு செய்திருக்கிறீர்கள்! பின்னால் உங்கள் குரல்: "பியூட்டிஃபுல் ஃபுட்வொர்க்! ஒன் மோர் டைம்!"

அணைக்கப் போனேன்.

"ரீவைண்ட் பண்ணும்மா," என்றாள். "அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல."

கேசட் இங்கேயே இருக்கட்டும். சீசன் முடிந்தாலும் நீங்கள் அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா